குட்டையில் விழுந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது மூச்சு

தர்மபுரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். இந்தப் பகுதிக்கு வழக்கமாக வரும் கேள்விகள் தக்காளியில் இலைச்சுருட்டு, மாவில் தத்துப்பூச்சி, பண்ணைக்குட்டையில் என்ன மீன் விடலாம் என்ற வகையில் இருக்கும். இவருடைய கடிதமும் பண்ணைக்குட்டையைப் பற்றியதுதான். கேள்விதான் வேறு.

அவருடைய அக்காள் வீட்டில் தக்காளிக்குச் சொட்டுநீர் போட்டு, அதற்காக ஒரு குட்டை வெட்டி, அடியிலும் சரிவிலும் பாலித்தீன் விரிப்பு போட்டிருக்கிறார்கள். போன ஆடியில் ஒரு காலை நேரம். பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு வயதுப் பையன் வரப்பில் விளையாடிக்கொண்டிருந்தான். சத்தமே இல்லை என்று தாத்தா போய்ப் பார்த்தபோது கரையில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அவரே இறங்கித் தூக்கினார். சரிவில் ஏற முடியாமல் இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறை இன்னொருவர் சேலையை வீசி இழுத்த பிறகுதான் மேலே வந்தார். பையனுக்கு மூச்சு இல்லை. ஒருவர் இரண்டு கால்களையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றினார். இன்னொருவர் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கினார். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. "தண்ணி வந்துடுச்சி, பொழைச்சிக்குவான்" என்றார்கள். பிறகு பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்து 14 கிலோமீட்டர் ஓட்டினார்கள். மருத்துவமனையில் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது, "வாயில் வாய் வைத்து ஊதினீர்களா?" என்பது. யாரும் ஊதவில்லை.

"ஊதியிருந்தால் பிழைத்திருப்பானா? எங்களுக்கு அது தெரியாதே. அப்பா அன்றிலிருந்து குட்டைப் பக்கம் போவதில்லை" என்று கடிதத்தை முடித்திருக்கிறார் வாசகி. பின்குறிப்பாக இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அது பிறகு.

பிழைத்திருப்பானா என்பதற்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. பையன் எத்தனை நிமிடம் நீருக்குள் இருந்தான் என்பது தெரியவில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் பிழைக்காத பிள்ளைகள் உண்டு. அன்று ஓடிவந்தவர்கள் அத்தனை பேரும் அவனைக் காப்பாற்றத்தான் ஓடிவந்தார்கள். தங்கள் ஊரில் பெரியவர்கள் செய்து பார்த்ததைச் செய்தார்கள். பெரியவர் மீது பழி எதுவும் இல்லை. விரிப்பு போட்ட குட்டையில் நீரோடும் பிள்ளையோடும் ஏறுவது இளைஞர்களுக்கே முடியாத காரியம். இதை வாசகி தன் அப்பாவிடம் படித்துக் காட்டலாம்.

ஆனால் மருத்துவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதைத்தான் இந்த முறை விரிவாகப் பார்க்க வேண்டும்.

நீரில் மூழ்கியவரின் உடம்பில் என்ன நடக்கிறது?

மூழ்குபவர் முதலில் மூச்சை அடக்குகிறார். அடக்க முடியாமல் போகும்போது சிறிது நீர் தொண்டைக்குள் போகிறது, குரல்வளை இறுகிக்கொள்கிறது. காற்றும் போவதில்லை. இரத்தத்தில் உள்ள பிராணவாயு குறைந்துகொண்டே வர, நினைவு போகிறது, மூச்சு நிற்கிறது, அதற்குப் பிறகுதான் இதயம் நிற்கிறது. மாரடைப்பில் விழுந்தவருக்கு இதயம் முதலில் நிற்கும். அவர் இரத்தத்தில் சில நிமிடங்களுக்குப் போதுமான பிராணவாயு மிச்சம் இருக்கும். நீரில் மூழ்கியவருக்கு அது தீர்ந்துபோன பிறகுதான் இதயமே நிற்கிறது. அதனால்தான் மாரடைப்புக்கு மார்பை மட்டும் அமுக்கினாலும் பயன் உண்டு என்று சொல்லும் மருத்துவர்கள், மூழ்கியவருக்கு மூச்சு கொடுத்தே ஆகவேண்டும் என்கிறார்கள். பல பேரை வெளியே தூக்கும் நேரத்தில் மூச்சு நின்றிருக்கும், இதயம் இன்னும் மெல்லத் துடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நான்கைந்து முறை ஊதினாலே தானாக மூச்சு திரும்பிவிடுவது உண்டு.

நுரையீரலுக்குள் போகும் நீர் நாம் நினைப்பதைவிடக் குறைவு. போனதும் பெரும்பாலும் இரத்தத்தில் கலந்துவிடும். அதைக் குடத்தைக் கவிழ்ப்பதுபோல் கவிழ்த்து எடுக்க முடியாது. வயிற்றை அமுக்கும்போது வெளியே வருவது பையன் குடித்த நீர், இரைப்பையில் இருந்தது. அது உள்ளே இருந்ததால் அவனுக்கு ஆபத்து இல்லை. அமுக்கி மேலே கொண்டுவரும்போது, காலையில் தின்ற களியும் சோறும் சேர்ந்து வந்து மூச்சுக்குழாயில் இறங்குவதுதான் ஆபத்து. "தண்ணி வந்துடுச்சி" என்று எல்லாரும் ஆறுதல் அடைந்த அந்த இரண்டு மூன்று நிமிடங்கள்தான் ஊதுவதற்கான நிமிடங்கள்.

இதில் நம் ஊரை மட்டும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 1767-ல் ஆம்ஸ்டர்டாமிலும் 1774-ல் லண்டனிலும் நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றச் சங்கமே தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் அங்கே மூழ்கியவரைப் பீப்பாய் மேல் போட்டு உருட்டினார்கள். குதிரை முதுகில் குப்புறப் போட்டு ஓட்டினார்கள். துருத்தி வைத்துப் புகையிலைப் புகையை ஆசனவாய் வழியே ஊதினார்கள். வாய் வழியாக ஊதுவதுதான் சிறந்தது என்று ஆய்வு செய்து நிலைநாட்டியது 1950-களில். மார்பை அமுக்கும் முறை அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்து 1960-ல் வெளிவந்தது. ஆக, இது நம் தாத்தாக்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லாத விஷயம். நமக்குத் தெரியாமல் இருப்பதற்குத்தான் காரணம் இல்லை.

தூக்கியவுடன் செய்ய வேண்டியது

கரையில் சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பதில் இல்லையென்றால், நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மறு கையின் இரண்டு விரலால் தாடையை மேலே தூக்க வேண்டும். இப்படிச் செய்யும்போது நாக்கு பின்னால் விழாமல் மூச்சுவழி திறக்கும். காதை மூக்கருகே வைத்து, மார்பு ஏறி இறங்குகிறதா என்று 10 நொடிக்குள் பார்க்க வேண்டும். எப்போதாவது ஒரு முறை மீன் வாயைத் திறப்பதுபோல் திறந்து மூடுவது மூச்சு அல்ல. அதை நம்பி நிறுத்திவிடக் கூடாது.

மூச்சு இல்லையென்றால் மூக்கை இரண்டு விரலால் மூடி, அவர் வாயை முழுவதும் தன் வாயால் கவ்வி, ஒரு நொடி நேரம் ஊத வேண்டும். மார்பு மேலே எழும்புவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். எழும்பவில்லையென்றால் தலையின் சாய்வு சரியில்லை. மறுபடி சாய்த்து ஊத வேண்டும். கைக்குழந்தைக்குத் தலையை அதிகம் சாய்க்காமல், வாயையும் மூக்கையும் சேர்த்துக் கவ்வி, கன்னத்தில் உள்ள காற்றளவு மெதுவாக ஊதினால் போதும். முதலில் எத்தனை முறை என்பதில் ஐரோப்பிய மருத்துவர்கள் 5 என்கிறார்கள், அமெரிக்கர்கள் 2 என்கிறார்கள். எண்ணிக்கையில் குழம்ப வேண்டாம். 5 முறை ஊதலாம்.

அதற்குப் பிறகும் அசைவோ இருமலோ மூச்சோ இல்லையென்றால் மார்பை அமுக்க வேண்டும். மார்பின் நடு எலும்பில், கீழ்ப் பாதியில், உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல், உடல் எடையைக் கொடுத்து அமுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். சிறுவர்களுக்கு ஒரு கையே போதும். மார்புக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. கைக்குழந்தைக்கு இரண்டு கட்டைவிரல். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, அதாவது நொடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாக. ஒவ்வொரு முறையும் மார்பு முழுவதும் மேலே வர விட வேண்டும். 30 முறை அமுக்கி 2 முறை ஊதுவது, மறுபடி 30, மறுபடி 2. இது கை வலிக்கும் வேலை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். நெல் நாற்று நடுவதைப்போல வரிசை கட்டி நின்று மாற்றிக்கொண்டாலும் தப்பில்லை.

வாயிலிருந்து வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ நுரை வரும். அதைத் துடைத்துக்கொண்டிருந்தால் நேரம் போகும். நுரை வந்துகொண்டேதான் இருக்கும். நுரையோடு சேர்த்தே ஊத வேண்டியதுதான். வாந்தி வந்தால் மட்டும் உடம்பை ஒருக்களித்துத் திருப்பி, விரலில் துணி சுற்றி வழித்துவிட்டு, மறுபடி மல்லாக்கப் போட்டுத் தொடர வேண்டும்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். குழந்தையென்றால் யாரும் ஊதிவிடுவார்கள். வயது வந்த பெண்ணென்றால் ஆண்கள் தயங்குகிறார்கள். வேற்று ஆளென்றால் எல்லாருமே தயங்குகிறார்கள். கிணற்றடியில் சுற்றி நின்று பார்க்கும் 30 பேரில் ஒருவரும் குனியாததற்குப் பாதி காரணம் தெரியாமை, மீதி கூச்சம். மெல்லிய கைக்குட்டையை வாய்மேல் போட்டு ஊதலாம், காற்று உள்ளே போய் மார்பு எழும்பினால் சரி. அதுவும் முடியாதென்றால் மார்பையாவது அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். சும்மா நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

108-க்கு யார், எப்போது அழைப்பது? ஆள் இருந்தால் ஒருவர் ஊத, ஒருவர் அழைக்க வேண்டும். தனி ஆளென்றால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு ஊத வேண்டும். கையில் போன் இல்லையென்றால், ஆள் தேடி ஓடுவதற்கு முன்னால் ஒன்றிரண்டு நிமிடம் ஊதி அமுக்கிவிட்டுத்தான் ஓட வேண்டும். தோட்டத்துக்கு வழி சொல்வது பெரிய சிக்கல். ஒரு ஆளைத் தார்ச்சாலைக்கு அனுப்பி, கையில் துண்டோடு நிற்கச் சொல்வது நல்லது. பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகும்போது தலை மார்பில் தொங்கி மூச்சுவழி அடைபடும். வழியெல்லாம் ஊதவும் முடியாது. ஆம்புலன்ஸ் வரவே வராது என்ற இடமானால் டெம்போவோ டிராக்டர் டிரெய்லரோ பார்த்து, படுக்கவைத்து, ஊதிக்கொண்டே போக வேண்டும்.

மூச்சு திரும்பிவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத்துணியை அவிழ்த்து, உலர்ந்த துணியால் போர்த்தி, மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். "எழுந்து உட்கார்ந்துட்டான், காப்பி குடிச்சான்" என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே போன நீர் நுரையீரலைப் புண்ணாக்கி, சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வருவது உண்டு. மருத்துவமனையில் 6 முதல் 8 மணி நேரம் வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். அடங்காத இருமல், வேகமான மூச்சு, நுரை, காரணமில்லாத தூக்கக்கலக்கம் இவை வந்தால் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும்.

வாசகியின் பின்குறிப்பு

"உப்புக் குவியலில் உடம்பைப் புதைத்து வைத்தால் சில மணி நேரத்தில் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அதைச் செய்திருக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். செய்திருக்கக் கூடாது. உப்பு தோல் வழியாக நுரையீரல் நீரை இழுக்காது. இழுத்தாலும் நின்ற மூச்சை அது ஓட்டாது. மூட்டை மூட்டையாக உப்பு தேடி வாங்கிவரும் நேரம் முழுவதும் பிள்ளை மூச்சில்லாமல் கிடக்கும். கருவாட்டுக்குத்தான் உப்பு. இந்தச் செய்தி போனில் வந்தால் அனுப்பியவருக்கே பதில் எழுதி நிறுத்தச் சொல்ல வேண்டும்.

குளிர்நீரில் விழுந்தவர்

நீலகிரி மாவட்டம் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருப்பது வேறு மாதிரி. மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புவதற்காக விடியுமுன் கேரட் அறுவடை நடந்துகொண்டிருந்தது. மார்கழிக் குளிர். ஓடை மடக்கிய குட்டையில் ஒரு தொழிலாளி சறுக்கி விழுந்து, கால் மணி நேரத்துக்கு மேல் கரையைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். தூக்கும்போது நினைவோடுதான் இருந்தார். நடுக்கம் தாங்கவில்லை. கையைக் காலைத் தேய்த்தார்கள், கொஞ்சம் பிராந்தி கொடுத்தார்கள், நெருப்புக்கு அருகே நடக்கவைத்தார்கள். சிறிது நேரத்தில் நடுக்கம் நின்றது, சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். அவர் உளற ஆரம்பித்தார். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்து திரும்பினார். "நாங்கள் செய்ததில் தப்பு உண்டா?" என்கிறார் வாசகர்.

நல்ல எண்ணத்தில் செய்தவைதான். ஆனால் தேய்த்தது, பிராந்தி கொடுத்தது, நடக்கவைத்தது மூன்றும் ஒரே தப்பின் மூன்று வடிவம். குளிரில் உடம்பு தன் சூட்டை நெஞ்சுக்கும் மூளைக்கும் ஒதுக்கிக்கொண்டு, கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. தேய்த்தாலும் நடந்தாலும் சாராயம் உள்ளே போனாலும் அந்தக் கதவு திறந்து, கைகாலில் கிடந்த குளிர்ந்த இரத்தம் நெஞ்சுக்கு ஓடிவரும். குளிர்ந்த இதயம் துடிப்புத் தவறும். நடுக்கம் என்பது உடம்பு சூடு உண்டாக்கும் வழி. உடம்பு சூடேறாமலே நடுக்கம் நின்றுவிட்டால் அது குணம் அல்ல, எரிபொருள் தீர்ந்ததற்கு அடையாளம். உளறல், தள்ளாட்டம், தூக்கம் இவை கூட வந்தால் உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்கும் கீழே வெகுவாக இறங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

செய்ய வேண்டியது எளிது. நீரிலிருந்து எடுக்கும்போது முடிந்தவரை படுத்த நிலையில் எடுக்க வேண்டும். படுக்கவைத்தே வைத்திருக்க வேண்டும். காற்றுப் படாத இடத்தில் ஈரத்துணியை அவிழ்த்து, முடியாவிட்டால் வெட்டி எடுத்து, ஒற்றித் துடைத்து, கம்பளியில் சுற்ற வேண்டும். அடியிலும் கம்பளி வேண்டும். மேலே மட்டும் போர்த்தினால் தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தலைக்குக் குல்லாய். சுடுநீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளிலும் நெஞ்சிலும் வைக்கலாம், கைகாலில் வேண்டாம். முழு நினைவோடு தானே விழுங்க முடிந்தவருக்கு மட்டும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட வெதுவெதுப்பான டீ. சுடுநீரில் உட்காரவைத்தல் கூடவே கூடாது.

விழுந்தவர் தானும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்நீரில் விழுந்த முதல் நிமிடம் மூச்சு தாறுமாறாக இழுக்கும். அந்த இழுப்பில் நீர் உள்ளே போய்விடுவதுதான் பெரிய ஆபத்து. நீச்சல் அடிக்க முயலாமல், மல்லாந்தோ எதையாவது பிடித்தோ முகத்தை நீருக்கு மேலே வைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்தில் மூச்சு அடங்கும். அடுத்த பத்து நிமிடம்தான் கைவிரல்களுக்குப் பலம் இருக்கும். கரையேற அந்த நேரத்தைப் பயன்படுத்த வேண்டும். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டை எடுத்துக்கொள்ளும்.

இதே வாசகர், உறைநீரில் மணிக்கணக்கில் கிடந்தவர்கள் பிழைத்ததாகப் படித்தேன், உண்மையா என்றும் கேட்கிறார். உண்மை. 1999-ல் நார்வே நாட்டில் பனிச்சறுக்குக்குப் போன ஒரு பெண் மருத்துவர் ஓடையின் பனிப்பாளத்துக்கு அடியில் சுமார் 80 நிமிடம் மாட்டிக்கொண்டார். அதில் பாதி நேரம் அங்கே இருந்த சிறிய காற்றிடைவெளியில் மூச்சு விட முடிந்தது. எடுத்தபோது இதயம் நின்றிருந்தது. உடல் வெப்பம் 13.7 டிகிரி. நண்பர்கள் கரையிலேயே ஊதி அமுக்கத் தொடங்கி, ஹெலிகாப்டரில் மருத்துவமனை சேரும்வரை நிறுத்தவில்லை. அங்கே இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடேற்றி உள்ளே விட்டு, பல மணி நேரம் போராடிக் காப்பாற்றினார்கள். அவர் மீண்டும் மருத்துவராக வேலைக்குத் திரும்பினார். இதயம் நிற்பதற்கு முன்பே மூளை குளிர்ந்துவிட்டதால் அதற்குப் பிராணவாயு அதிகம் தேவைப்படவில்லை.

ஆனால் இதைத் தர்மபுரிக் குட்டைக்கும் திருச்சிக் கிணற்றுக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. சமவெளியில் நம் நீர் அவ்வளவு குளிராது. இங்கே மூளை குளிரும் முன்பே மூச்சின்றிக் கெட்டுவிடும், சில நிமிடங்களில். ஆகவே "குளிர்ந்த தண்ணிதான், நேரம் இருக்கு" என்ற நினைப்பு வேண்டாம். அதே சமயம், உடம்பு சில்லென்று இருக்கிறதே என்று பார்த்துக் கரையில் நிற்பவர்களே உயிர் இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

காப்பாற்றப் போனவர் ஏன் சாகிறார்?

ஈரோடு மாவட்ட வாசகர் ஒருவர், கிணற்றில் விழுந்தவரைத் தூக்க உடனே குதிக்கலாமா என்று கேட்கிறார். நன்றாக நீச்சல் தெரிந்தவரும் குதிக்காமல் இருப்பதே நல்லது. மூழ்குபவர் கையில் கிடைப்பதைக் கட்டிப்பிடிப்பார். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் ஒரே குட்டையில் இறப்பதாகச் செய்தித்தாளில் வருவதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான்.

எட்டிக் கொடுப்பது முதல் வழி. முருங்கை பறிக்கும் துறட்டி, மூங்கில், ஏணி, முடிச்சுப்போட்ட சேலை எதுவும் ஆகலாம். கொடுப்பவர் குப்புறப் படுத்துக்கொண்டு கொடுக்க வேண்டும், நின்றுகொண்டு கொடுத்தால் அவரையும் சேர்த்து இழுக்கும். எட்டாவிட்டால் எறிந்து கொடுப்பது. மூடி இறுக்கிய காலி கேன், காற்றடைத்த டிராக்டர் டியூப், காலிக் குடம். கயிற்றில் கட்டி எறிந்தால் இழுத்தும் விடலாம். சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகிய தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டுக்கும் வழியில்லாமல் இறங்கியே ஆகவேண்டும் என்றால், இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மேலே இருவர் பிடித்துக்கொண்ட பிறகுதான்.

கிணற்றுக்கு மேலும் இரண்டு எச்சரிக்கை. மோட்டார் உள்ள கிணறென்றால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். தண்ணீரில் மின்சாரம் கசிந்துதான் முதல் ஆளே விழுந்திருப்பார். கிணற்றுக்குள் இறக்கிவைத்த ஆயில் என்ஜின் ஓடியிருந்தாலோ, நெடுநாள் மூடிக்கிடந்த கிணறாக இருந்தாலோ, உள்ளே நச்சுக்காற்று இருக்கும். இறங்கியவர் நீரைத் தொடும் முன்பே மயங்குவார். அந்தக் கிணற்றில் தீயணைப்புத் துறையைத் தவிர யாரும் இறங்கக் கூடாது. அழைப்பு எண் 101 அல்லது 112.

குட்டை வைத்திருப்பவர்களுக்கு

பாலித்தீன் விரிப்பு நீரைக் காக்கிறது. கோடையில் பயிரைக் காக்கிறது. அதில் சந்தேகமில்லை. ஆனால் 500 மைக்ரான் விரிப்பின்மேல் நான்கு மாதத்தில் பாசி படிந்தால் அந்தச் சரிவில் ஆடுகூட ஏறாது. மண் குட்டையில் கரையைப் பிறாண்டியாவது ஏறலாம். இதில் பிடிக்க ஒன்றும் இல்லை. விரிப்புக்குக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் நாம், ஏறி வர ஒரு வழி வைப்பதை மறந்துவிடுகிறோம்.

நான்கு பக்கமும், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றாவது, கட்டைவிரல் கனமுள்ள நைலான் கயிற்றை முழ இடைவெளியில் முடிச்சுப் போட்டு, கரையில் அடித்த முளையில் கட்டி, மறுமுனை அடிவரை போகும்படி விட வேண்டும். பழைய பைக் டயர்களைக் கயிற்றில் கோத்து ஏணிபோல் சரிவில் கிடத்தினால் பிள்ளைகளும் கால் வைத்து ஏறலாம். டயரின் கம்பி நீட்டிக்கொண்டு விரிப்பைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் கயிற்றோடு ஒரு காற்றடைத்த டியூப் மிதக்கட்டும். கரையில் ஒரு மூங்கிலும் கயிறு கட்டிய காலிக் கேனும் எப்போதும் இருக்க வேண்டும். மருந்து தெளிக்க என்று அந்தக் கேனை எடுத்துப்போகக் கூடாது.

வேலி கட்டாயம். கம்பிவலை முடியாதென்றால் மூங்கில் படல் போதும், நான்கு வயதுப் பிள்ளை நுழைய முடியாத அளவுக்கு நெருக்கமாகவும், ஏறித் தாண்ட முடியாத உயரத்திலும். படலுக்குக் கதவும், கதவுக்குக் கைக்கு எட்டாத உயரத்தில் கொக்கியும். பிள்ளை மூழ்கும்போது கத்தாது. சினிமாவில் வருவதுபோல் கையை வீசிக் கூப்பிடாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் போய்வர, ஒரு நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் முடிந்துவிடும். "சத்தம் கேட்டால் ஓடலாம்" என்று வேலை பார்ப்பது பலிக்காது.

பங்களாதேஷ் கிராமங்களில் வீட்டுக்கு வீடு குளம். அங்கே சிறு பிள்ளைகள் அதிகம் மூழ்கியது தாய்மார் வேலையில் இருக்கும் முற்பகலில் என்று கண்டு, காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை பிள்ளைகளை ஊரிலேயே ஒரு பெண்ணின் பொறுப்பில் ஓரிடத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூழ்கிச் சாவது மிகப் பெரிய அளவில் குறைந்தது. நமக்கு அங்கன்வாடி இருக்கிறது. களையெடுப்பு, அறுவடை நாட்களில் பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகாமல் அங்கே விடலாம். விடுமுறை நாளென்றால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துப் பிள்ளைகளைப் பார்ப்பது மட்டுமே வேலை என்று வைக்கலாம். பாட்டியிடம் ஆட்டையும் பிள்ளையையும் சேர்த்து ஒப்படைப்பது பார்த்துக்கொள்வது ஆகாது. வலிப்பு நோய் உள்ளவர் எந்த வயதானாலும் கிணற்றிலோ குட்டையிலோ தனியாகக் குளிக்கக் கூடாது.

ஊதுவதையும் அமுக்குவதையும் படித்துத் தெரிந்துகொண்டால் பாதிதான். கையால் ஒருமுறை செய்து பார்த்தவருக்குத்தான் அந்த நேரத்தில் கை ஓடும். உழவர் குழுவோ மகளிர் குழுவோ பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கேட்டால் ஊருக்கு வந்து செய்து காட்டுவார்கள். இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளைகளிலும் முதலுதவிப் பயிற்சி உண்டு.

நைலான் கயிறு வெயிலில் இற்றுப்போகும். ஆண்டுக்கொருமுறை, குட்டையில் நீர் வற்றியிருக்கும் சித்திரையில் எல்லாக் கயிறுகளையும் ஒரு ஆள் தொங்கி இழுத்துப் பார்த்து, நூல் பிரிந்ததை மாற்ற வேண்டும். முளையையும் ஆட்டிப் பார்க்க வேண்டும்.